கலகெதரவுக்குப் போன ஏழு பச்சை மெஷின்கள்

சென்ற மாதம், வெசாக் விடுமுறை முடிந்து கடைகள் திறந்த முதல் நாள், ரிஸ்வான் தொலைபேசியில் அழைத்தார். கண்டியில் நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த வீடியோ கேம் கடையை இப்போது நடத்துபவர் அவர். பல வருடங்களாக ஒரே ஒரு கம்பெனியின் மெஷினுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த கேம் ஒன்றின் அடுத்த பாகம் எல்லா மெஷின்களுக்கும் வரப்போகிறதாம். எந்த மெஷினுக்கு எத்தனை வேண்டும் என்று கொழும்பு இறக்குமதியாளர் கேட்டிருக்கிறார்.

"மிஸ், நீங்க கடையில ஈந்த காலத்துல இத எப்பிடிப் பிரிச்சீங்க?"

ஆட்களிடம் எந்த மெஷின் இருக்கிறது என்று கேட்காதீர்கள், யாரோடு சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது பாதிப்பேர் இறுவட்டு வாங்குவதே இல்லை, இணையத்தில் இறக்கிக்கொள்கிறார்கள், ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் சொன்ன அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. அதை நன்றாக அறிந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் எங்கள் முதலாளி இன்று இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எந்த விடயத்தையும் முன்பின் பிசகாமல் எழுதவேண்டும் என்பது என் பிடிவாதம். கிழமை தவறினால்கூட எனக்கு மனம் ஆறாது. ஆனால் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கம்பெனிகளின் பெயர்களும் கேம்களின் பெயர்களும் இதில் வராது. கடையிலும் நாங்கள் அவற்றைச் சொன்னதில்லை. ஒரு கம்பெனியின் கேம்கள் நீல நிறப் பிளாஸ்டிக் உறையில் வரும், மற்றதன் கேம்கள் பச்சை உறையில் வரும். ஆகவே எங்களுக்கு எல்லாமே நீலம், பச்சைதான். மெஷினும் நீல மெஷின், பச்சை மெஷின். இரண்டு மெஷினும் உண்மையில் கறுப்பு என்பது வேறு கதை.

நான் சேர்ந்தபோது அது வீடியோ கசெட் வாடகைக்கு விடும் கடை. என் அப்பா மாநகர சபையில் எழுதுவினைஞர். எனக்கும் அங்கே ஓர் இடம் கிடைக்கும் என்று காத்திருந்த காலத்தில், சும்மா இருக்க முடியாமல் குண்டசாலையிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். இடம் கிடைக்கவில்லை. கசெட் போய் சீடி வந்தது, சீடி போய் டீவீடி வந்தது, வாடகைக்கு எடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரு கண்ணாடி அலுமாரியில் மட்டும் கேம்கள் இருந்தன. ஒரு நாள் பார்த்தபோது அந்த ஓர் அலுமாரிதான் கடை முழுவதற்கும் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது. மற்ற அலுமாரிகளை விற்றுவிட்டோம். கொள்வனவு என் பொறுப்புக்கு வந்தது. பயிற்சி என்று யாரும் தரவில்லை. விற்காமல் கிடந்தவைதான் கற்றுத் தந்தன.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். அவருடைய கதிரை கடையின் உட்சுவரைப் பார்த்தபடி இருக்கும். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தால் வாங்க வருகிறவர் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்பது அவருடைய எண்ணம். ஆகவே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் பேசமாட்டோம். சில நாட்களில் அந்தக் கண்ணாடி மிகவும் சுத்தமாக இருக்கும்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு கேமும் ஒரு மெஷினுக்குத்தான். நீலத்துக்கு வந்தால் பச்சைக்கு இல்லை. பிறகு ஒரு கார் ஓட்டும் கேம் இரண்டுக்கும் ஒரே நாளில் வந்தது. "ரெண்டுக்கும் வருது" என்ற சொல்லை முதலில் அப்போதுதான் கேட்டோம். வாங்குவோர் இரண்டு மடங்கு ஆவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். இறக்குமதியாளர் பாதி நீலம், பாதி பச்சை அனுப்பினார். நீலம் ஏப்ரல் பள்ளி விடுமுறை தொடங்குமுன் தீர்ந்துவிட்டது. பச்சை ஓகஸ்ட் மாதப் பெரஹெரா ஊர்வலக் கூட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் போயிற்று. அத்தனைக்கும் கண்டியில் பச்சை மெஷின் வைத்திருந்தவர்கள் குறைவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு அதை விற்றது நாங்கள்தான்.

காரணத்தைக் கண்டுபிடிக்கும்படி ஹாஜியார் என்னிடம் சொன்னார். வழக்கமாக வருகிறவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன். குண்டசாலையில் ஒரு வங்கி ஊழியர் இருந்தார். அவர் வீட்டில் இரண்டு மெஷினும் உண்டு. பச்சையில் படம் தெளிவு என்று அவரே சொல்வார். ஆனால் நீலத்துக்குத்தான் வாங்கியிருந்தார். ஏன் என்றேன்.

"இத முடிச்சிட்டு அடுத்தத யார்கிட்ட வாங்கிறது மிஸ்? எங்க கூட்டம் முழுக்க நீலம்."

அவ்வளவுதான் விடயம். புதிய கேம் ஒன்றை வாங்குவது நம் நாட்டில் சாதாரணமாகச் செய்கிற காரியம் அல்ல. ஐந்தாறு பேர் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்குவார்கள். தன்னுடையதை விளையாடி முடித்தவர் அடுத்தவருக்குக் கொடுத்து அவருடையதை எடுத்துக்கொள்வார். ஓர் இறுவட்டு ஓர் ஊரையே சுற்றிவிட்டுக் கீறலோடு வீடு திரும்பும். ஆகவே எங்கள் ஊர்களில் மெஷின் வாங்குவது கருவி வாங்குவது அல்ல, ஒரு கூட்டத்தில் சேர்வது. நீலக் கூட்டத்தில் பச்சை இறுவட்டுக்கு இடமில்லை.

அதன் பிறகு ஹாஜியார் ஒரு வழக்கம் வைத்தார். மெஷின் வாங்க வருகிறவரிடம் முதலில் அவர் யாரோடு கேம் மாற்றுவார் என்று கேட்கவேண்டும். தெரியாது என்றால் விற்கக்கூடாது. சுவரைப் பார்த்தபடியே, "பெய்த்து கேட்டுட்டு வாங்க" என்பார். காசை நீட்டிக்கொண்டு நிற்பவரைத் திருப்பி அனுப்புகிறாரே என்று எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது. கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த ஒருவர், "மிஸ், ஒங்க முதலாளி பொண்ணு குடுக்கிற மாதிரி விசாரிக்கிறாரே" என்றார். ஹாஜியாரின் முதுகு குலுங்கியது. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

கொள்வனவும் அந்த வழியில்தான். குண்டசாலை நீலம். கடுகண்ணாவையில் ரயில் நிலையத்துக்கு அருகில் இருந்தவர்கள் பச்சை. பேராதனையில் தங்கிப் படித்த மாணவர்கள் பாதிக்குப் பாதி. மெஷின்களை எண்ணாமல் கூட்டங்களை எண்ணி, ஒரு கூட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று கேட்போம். இறக்குமதியாளரின் ஆள் தொலைபேசியில் சிரிப்பார். கண்டிக்காரர் பயந்தவர்கள் என்பார். ஆனால் எங்கள் அலுமாரியில் தூசி பிடித்தது எதுவும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த விடயம்.

வாள் சண்டைக் கேம் ஒன்று இருந்தது. அதன் முதல் இரண்டு பாகங்களும் நீலத்துக்கு மட்டும் வந்தன. அந்த இரண்டு முறையும் அதற்காகவே நீல மெஷின் வாங்கினார்கள். மூன்றாம் பாகம் இரண்டுக்கும் வந்தது. இப்படி எல்லோருக்கும் திறந்துவிட்டால் கேமின் விற்பனை கூடும், அந்த மெஷினுக்கு இருந்த இழுப்பு குறையும் என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் படித்திருந்தேன். கண்டி நகரத்தில் அப்படியேதான் நடந்தது. நீல உறையும் பச்சை உறையும் சேர்ந்தே தீர்ந்தன. நீல மெஷின்கள் மட்டும் மேல் தட்டில் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. அவற்றை வாங்குவதற்கு இனி யாருக்கும் காரணம் இருக்கவில்லை. படித்ததும் பார்த்ததும் ஒத்துப்போனதில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. கலகெதரவில் என்ன நடக்கும் என்று எந்தச் சஞ்சிகையும் எழுதவில்லை.

கலகெதரவில், குருநாகல் வீதி ஓரமாக, நிஸார் ஒரு சிறிய கடை வைத்திருந்தார். ஹாஜியாரின் தங்கையின் கணவர். பல வருடங்கள் டோஹாவில் லொறி ஓட்டி, முதுகு கெட்டுத் திரும்பியவர். கையில் இருந்த அனைத்தையும் அந்தக் கடையில் போட்டார். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கடை விழுந்தால் அந்த முதுகோடு மறுபடியும் டோஹாவுக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை என்று அவர் மனைவி அடிக்கடி சொல்வார்.

கலகெதர முழுவதும் நீலம். யாரோ ஒருவர் வளைகுடாவிலிருந்து முதல் மெஷினைக் கொண்டுவந்தார், அது நீலம், அவரோடு மாற்றுவதற்காக அடுத்தவரும் நீலம் வாங்கினார், அப்படியே ஊர் நிறைந்தது. அந்த ஊரில் கடை வைத்திருந்த நிஸாருக்கு, யாரோடு மாற்றுவீர்கள் என்று கேட்கவேண்டிய தேவை ஒரு நாளும் வந்ததில்லை. எல்லோரும் எல்லோரோடும் மாற்றினார்கள்.

நிஸார் பச்சை மெஷின் வாங்கியது நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்று முதலில் எழுதியிருந்தேன். தவறு. ஹாஜியார் உம்ராவுக்காக மக்காவுக்குப் போனது நோன்பின் கடைசிப் பத்து நாட்களில். நிஸார் கொழும்புக்குப் போனது அவர் இல்லாத அந்த நாட்களில், பெருநாளுக்கு முன்பு. இறக்குமதியாளர் பச்சை மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாள் கேமின் மூன்றாம் பாகம் இரண்டுக்கும் வந்துவிட்டது. ஒரே கேமைக் குறைந்த செலவில் விளையாடலாம் என்றால் ஊருக்கு நல்லதுதானே என்று நிஸார் நினைத்தார். நேரடியாக ஏழு பச்சை மெஷின்கள் எடுத்தார். பெருநாளுக்குள் ஏழும் விற்றுப்போயின. வாங்கியவர்கள் எல்லோரும் அவர் பள்ளிவாசல் ஜமாஅத்துக்காரர்கள், அயலவர்கள், முதல் தடவையாக மெஷின் வாங்கியவர்கள். இரண்டிலும் ஒரே கேம்தான் என்று அவர் சொன்னது உண்மை. அவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் வாங்கினார்கள்.

எங்களுக்கு இது தெரிய வந்தது பெருநாள் கழிந்து, ஒரு புதன்கிழமை. கலகெதரவிலிருந்து ஒருவர் கண்டிக்கு வந்து நீல மெஷின் ஒன்றின் விலை கேட்டார். நிஸாரின் கடை பக்கத்தில் இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார்.

"நிஸார் நானா நல்ல மனுசன்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் கடைசியில். "ஆனா பச்சயில விளையாடினா பக்கத்து ஊட்டானோட சேர ஏலாது மிஸ். ஒரே கேம்தான், ஒரே வாள்தான். அவன் வேற நாட்டுல ஈக்கிற மாதிரி ஈக்கி."

அந்தக் காலத்தில் நீல மெஷின்காரர் நீலக்காரரோடு மட்டும்தான் இணையத்தில் சேர்ந்து விளையாட முடியும். மாற்றவும் வழியில்லை. ஊரில் சுற்றிக்கொண்டிருந்த பழைய கேம்கள் அத்தனையும் நீலம். அந்த ஏழு பேரும் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாமே என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஏழு பேரும் மெஷின் வாங்கியதே வாள் கேமுக்காக. ஏழு வீட்டிலும் அந்த ஒரே கேம். எதைக் கொடுத்து எதை வாங்குவது?

யாரும் நிஸாரோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது சலாம் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். குருநாகலுக்குப் போகிறவர்கள் வருகிறபோது அங்கிருந்தே கேம் வாங்கி வந்தார்கள். நிஸார் ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு, பச்சை மெஷினையே பார்த்திராத வீடுகளுக்கும் போயிற்று. டோஹாவில் பழைய கம்பெனிக்கு அவர் தொலைபேசி எடுத்துப் பேசினார் என்று அவர் மனைவி அழுததாகக் கேள்விப்பட்டோம்.

ஹாஜியார் திரும்பி வந்ததும் நிஸாரை வரச் சொன்னார். கடையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம். நிஸாருக்குக் கதிரை போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நான் பொய் செல்லல்ல மச்சான். ரெண்டுலயும் ஒரே கேம்தானே."

"பொய் இல்ல. யாரோட மாத்துவீங்கண்டு கேட்டீங்களா?"

"கலகெதரயில அத யாரு கேக்கிற? எல்லாம் நீலம்தானே."

சொல்லி முடித்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. அப்போதுதான் உட்கார்ந்தார். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

எங்கள் கடையில், பழுது என்றால் தவிர, உறை பிரித்த மெஷினைத் திரும்ப எடுப்பதில்லை. எந்தக் கடையிலும் எடுப்பதில்லை, கொழும்பில் கேட்கவே தேவையில்லை. அந்த ஏழும் எங்களிடம் வாங்கியவையும் அல்ல. ஆனாலும் ஹாஜியார் சொன்னார், ஏழையும் எடுத்து வாருங்கள், பச்சைக் கூட்டங்கள் இருக்கிற இடங்களில் நான் விற்றுக்கொள்கிறேன், பதிலுக்கு ஏழு நீலம் கொண்டுபோய்க் கொடுங்கள். மேல் தட்டில்தான் அவை நிறையக் கிடந்தனவே.

நிஸார் தலையைக் குனிந்துகொண்டு, "தங்கச்சிக்காகச் செய்றீங்க" என்றார்.

"தங்கச்சிக்காகத்தான். வேற யாருக்காக நான் ஒடச்ச பெட்டி எடுக்கிற?" என்றார் ஹாஜியார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குருநாகல் பஸ்ஸில் கலகெதரவுக்குப் போனேன். நீல மெஷின்கள் முதல் நாளே நிஸாரின் கடைக்குப் போய்விட்டன. ஒரு மெஷினைத் திரும்ப எடுப்பதற்கு முறை இருக்கிறது, அதை நிஸார் அறியமாட்டார். முதலில் மெஷினை இயக்கி, இறுவட்டு தடையில்லாமல் சுழல்கிறதா என்று காதை வைத்துக் கேட்கவேண்டும். விளையாடும் கைப்பிடியின் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்க்கவேண்டும். பிறகு உரியவரின் பெயரில் உள்ள கணக்கை அவர் கையாலேயே நீக்கச் செய்யவேண்டும், நாங்கள் செய்யக்கூடாது. கடைசியாக உள்ளே சேமித்திருப்பதை எல்லாம் அழித்து, புதிதாக வாங்கியது போல் மொழி கேட்கும் திரை வந்ததும் நிறுத்தவேண்டும்.

நிஸாரின் முச்சக்கர வண்டியில் வீடு வீடாகப் போனோம். முதல் வீட்டில் கதவைத் திறந்தவர், "நிஸார் நானா, இப்பக் கடையே ஊட்டுக்கு வருதா?" என்றார். நிஸார் சிரிக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "நான் கேட்டுட்டு வித்திருக்கோணும். கேக்கல்ல" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் அதையேதான் சொன்னார். கூட ஒரு சொல் இல்லை, குறையவும் இல்லை. எல்லா வீட்டிலும் தேநீர் தந்தார்கள். எல்லாவற்றையும் குடித்தார்.

மூன்றாவது வீட்டில் ஒரு பள்ளி ஆசிரியை. விளையாடியது அவர்தான், கணவர் இல்லை. கேமில் முக்கால்வாசியை முடித்திருந்தார். கணக்கை நீக்கச் சொன்னபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் வந்த எடமெல்லாம் பெய்த்திடுமா மிஸ்?"

போய்விடும் என்றேன். நீல மெஷினில் அதே கேம், அதே கதை, ஆனால் பச்சையில் கடந்து வந்த தூரத்தை அங்கே கொண்டுபோக முடியாது. முதலிலிருந்து தொடங்கவேண்டும். கடைசியில் அவரே பொத்தானை அழுத்தினார். நான் அந்த வேலையில் எத்தனையோ மெஷின்களைத் துடைத்தெடுத்திருக்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன். அன்று பார்த்துவிட்டேன்.

ஏழாவது வீடு இம்தியாஸுடையது. மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஆள், வயது முப்பதுக்கு மேல். நாங்கள் போனபோது சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிஸார் தன் வாக்கியத்தைச் சொன்னார். இம்தியாஸ் கையைத் தட்டிவிட்டு வந்து, மற்ற ஆறு பேரும் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். கொடுத்துவிட்டார்கள் என்றதும் தலையாட்டினார்.

"அப்ப என்ட இங்கயே ஈக்கட்டும்."

நீல மெஷின் வண்டியிலேயே இருக்கிறது, மேலதிகமாக எதுவும் தரவேண்டியதில்லை என்று நிஸார் விளக்கினார். அது தெரியும் என்றார் இம்தியாஸ்.

"நானா, ஏழு பேரும் திருப்பித் தந்தா ஏழு பேரயும் நீங்க ஏமாத்தினதாத்தான் ஊர்ல பேசுவாங்க. ஒருத்தன் வெச்சிக்கிட்டா, விரும்பினவன் வெச்சிக்கிட்டான், விரும்பாதவன் மாத்திக்கிட்டான். பேச்சு அதோட முடியும்."

"நீ யாரோடடா விளையாடுவ?" என்றார் நிஸார். அன்று அவர் குரல் உடைந்தது அந்த ஒரு தடவைதான்.

"தனியாத்தான். கேம்ல தனியாப் போற பாதையும் ஈக்கிதானே."

இம்தியாஸுக்குக் கேம் பைத்தியம் என்று ஊரில் எல்லோரும் அறிவார்கள். அவருடைய மூத்த சகோதரர்கள் இருவரும் நீலக் கூட்டத்தில்தான். ஒரே கேம்தானே என்று நம்பி, அவர்களோடு சேர்வதற்காகவே வாங்கியவர். இனி வருகிற கேம்களில் இரண்டுக்கும் வருவது எதுவோ அதை மட்டும், சொந்தமாக வாங்கி, தனியாக விளையாடி, மாற்ற ஆளில்லாமல் அலுமாரியில் வைக்கப் போகிறார். அதை எல்லாம் அவர் சாக்கு அடுக்குகிறபோதே யோசித்து முடித்திருந்தார் என்று தோன்றியது.

இம்தியாஸ் சொன்னதுதான் நடந்தது. ஒரே மாதத்தில் என்று சொல்லமாட்டேன். ஹஜ்ஜுப் பெருநாள் வரும்போது நிஸாரின் கடையில் மறுபடியும் ஆட்கள் நின்றார்கள். டோஹாப் பேச்சு நின்றது. அந்த ஆறு பேரில் ஒருவர் மட்டும் கடைசிவரை திரும்பி வரவில்லை, குருநாகலிலேயே வாங்கினார். ஆசிரியை நீலத்தில் முதலிலிருந்து தொடங்கி முடித்துவிட்டார் என்று நிஸார் சொன்னார். கடை இன்றும் இருக்கிறது.

திரும்ப எடுத்தவற்றை நிஸார் கண்டிக்குக் கொண்டுவந்தது அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. கூடவே இம்தியாஸுக்காகக் கொண்டுபோன நீல மெஷினையும் உறை பிரிக்காமல் கொண்டுவந்தார். பச்சை மெஷின்களை நான் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தேன். ஹாஜியார் அன்று கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்துதான் வந்தது.

"இம்தியாஸ் வெச்சிக்கிட்டது ஒண்டு" என்றார் ஹாஜியார். "மிச்சம் ஆறெல்லோ?"

நிஸார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒண்டு நான் ஊட்டுல வெச்சிட்டேன்."

"நீங்களா? ஒங்களுக்கு விளையாடத் தெரியுமா?"

"தெரியாது. மூத்த மகள் காட்டித் தாறா." பிறகு சொன்னார்: "அவனுக்கு மாத்த ஒரு ஆளாச்சும் வேணுமே மச்சான்."

டோஹாவில் பத்துச் சக்கர லொறி ஓட்டிய கைகள் அவருடையவை. கைப்பிடியைப் பிடித்தால் இரண்டு பொத்தான்கள் ஒரே விரலின் கீழ் போய்விடும். ஹாஜியார் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து அலுமாரிக்குப் போனார். கேம்கள் இருந்த அலுமாரியை அவர் தானாகத் திறந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. பச்சை உறைகளில் விரலை ஓட்டினார். வாள் கேமை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடுத்த வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து நிஸாரின் கையில் வைத்தார்.

"இத எடுங்க. ரெண்டு பேர்ட்டயும் ஒரே கேம் ஈந்தா மாத்த ஏலாது."

நிஸார் அதன் உறையைத் திருப்பிப் பார்த்தார். ஆங்கில எழுத்துக்களில் விரலை வைத்து வாசிக்க முயன்றார். இது என்ன கேம் என்று என்னைக் கேட்டார். ஒரு மலை நாட்டில் லொறி ஓட்டவேண்டும், சேற்றிலும் மழையிலும் பாலம் இல்லாத ஆறுகளிலும் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும் என்றேன். இரண்டு பேர் சேர்ந்தும் ஓட்டலாம், ஒருவர் புதைந்தால் மற்றவர் கயிறு போட்டு இழுக்கலாம்.

அவர் கவனமாகக் கேட்டார்.

"லேசா மிஸ்?"

"இல்ல" என்றேன். "ஆரம்பத்துல அடிக்கடி பொதையும்."

தலையாட்டிவிட்டு, அதை உறையோடு சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். அது கொள்ளவில்லை. கையில் பிடித்துக்கொண்டே கலகெதர பஸ்ஸுக்குப் போனார்.